ஓலோனியிலிருந்து சான் ஹோசே ஸ்டேட்டுக்கு: முதல் வருடமே தீர்மானிக்கும் டிரான்ஸ்ஃபர்

கேள்வி: நாங்கள் ஆறு வருடமாகக் கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்டில் இருக்கிறோம். கணவர் எச்-1பி வேலை விசா, நானும் மகனும் அதைச் சார்ந்த எச்-4 குடும்ப விசா. மகனுக்கு மார்ச்சில் 18 முடிந்தது. ஜூனில் ஹைஸ்கூல் முடித்தான். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு நினைத்த இடம் எதுவும் கிடைக்கவில்லை. ஆகஸ்டில் இரண்டு வருடப் படிப்புள்ள கம்யூனிட்டி காலேஜான ஓலோனியில் சேர்கிறான். இரண்டு வருடம் அங்கே படித்துவிட்டு சான் ஹோசே ஸ்டேட்டுக்கோ ஏதாவது ஒரு யூ.சி. (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) வளாகத்துக்கோ போவதாகத் திட்டம். "ஏ.டி.டி. வாங்கினால் சான் ஹோசே ஸ்டேட்டில் சீட் உறுதி, டிரான்ஸ்ஃபரபிள் என்று போட்டிருக்கும் எந்த வகுப்பை எடுத்தாலும் சரி" என்கிறார் நண்பர் ஒருவர். அப்படியா? பதினொன்றாம் வகுப்பில் டி ஆன்ஸா என்ற கம்யூனிட்டி காலேஜில் இரண்டு கோர்ஸ் எடுத்தான். ஒன்றில் ஏ, எகனாமிக்ஸில் டி. அந்த டி-யைக் காட்டாமல் விட்டுவிடலாமா? கணக்கில் ப்ரீ-கால்குலஸ் வரை முடித்திருக்கிறான். இரண்டு வருடம் போதுமா? எங்கள் விசாவால் ஃபீஸில் சிக்கல் வருமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஏ.டி.டி. பற்றி நண்பர் சொன்னதை முதலில் திருத்திவிடுகிறேன். 2010-இல் வந்த எஸ்.பி. 1440 சட்டத்தால், டிரான்ஸ்ஃபருக்கென்றே உருவான இரண்டு வருட அசோசியேட் டிகிரி அது. கம்யூனிட்டி காலேஜில் 60 செமஸ்டர் யூனிட்டை அதற்குரிய வரிசையில் முடித்தால், சான் ஹோசே ஸ்டேட் உள்ளிட்ட கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி) அமைப்பில் எங்காவது ஓர் இடம் உறுதி. அங்கே இன்னும் 60 யூனிட்டில் பட்டம் முடிய வேண்டும் என்பதும் சட்டத்தின் பகுதி. ஆனால் எந்த வளாகம், எந்த மேஜர் (முதன்மைப் பாடம்) என்ற உறுதி அதில் கிடையாது. சான் ஹோசே ஸ்டேட்டில் எல்லா மேஜருமே இம்பேக்டட், அதாவது இடத்தைவிடத் தகுதியான விண்ணப்பங்கள் அதிகம். அப்படிப்பட்ட இடத்தில் ஏ.டி.டி. ஒரு கூடுதல் பலம், அவ்வளவுதான்; வரிசையில் முன்னே நிறுத்துவது மதிப்பெண் சராசரியான ஜி.பி.ஏ. கம்ப்யூட்டர் சயின்ஸில் அந்த வரிசை நீளமானது. கேட்ட வளாகம் கிடைக்காமல் போனால், "உறுதியான இடம்" வீட்டிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளியிருக்கும் ஊரிலும் அமையலாம்.

அடுத்தது, "டிரான்ஸ்ஃபரபிள் என்றால் சரி" என்ற பேச்சு. மாணவர்கள் ஒரு வருடத்தை இழப்பது பெரும்பாலும் இதை நம்பித்தான். ஒரு வகுப்பு மூன்று சல்லடைகளின் வழியே விழ வேண்டும். அந்த வகுப்பை யூனிட்டாகப் பல்கலைக்கழகம் ஏற்குமா என்பது முதலாவது. பொதுக்கல்விப் பட்டியலில் ஏதாவது ஒரு கட்டத்தை அது நிரப்புமா என்பது இரண்டாவது. போக நினைக்கும் மேஜருக்கு அது முன்தேவையா என்பது மூன்றாவது. "டிரான்ஸ்ஃபரபிள்" என்ற குறி முதல் சல்லடையைப் பற்றி மட்டுமே பேசுகிறது. சினிமா ரசனை வகுப்பு முதல் இரண்டிலும் விழும். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு ஒரு பயனும் இல்லை. கால்குலஸ் மூன்றிலும் விழும். இன்டர்மீடியட் ஆல்ஜீப்ரா முதலாவதிலேயே நின்றுவிடும். 60 யூனிட்டும் நல்ல ஜி.பி.ஏ.யும் கையில் இருந்தும், மேஜருக்கான கணக்கும் ஃபிசிக்ஸும் முடியாததால் கதவு திறக்காமல் நிற்கும் மாணவர்கள் இந்த மூன்றாவது சல்லடையைப் பார்க்காமல் விட்டவர்கள்.

அதைப் பார்க்கும் இடம் அசிஸ்ட் டாட் ஆர்க். கலிஃபோர்னியாவின் 116 கம்யூனிட்டி காலேஜ்களுக்கும் யூ.சி., கால் ஸ்டேட் வளாகங்களுக்கும் இடையிலான ஒப்பந்தங்களின் அதிகாரபூர்வத் தளம் அது. கல்வியாண்டு, ஓலோனி, பிறகு போக வேண்டிய வளாகம், மேஜர் என்ற வரிசையில் தேர்ந்தெடுங்கள். இடப்பக்கம் பல்கலைக்கழகத்தின் பாடம், வலப்பக்கம் அதற்கு ஈடான ஓலோனி பாடம். இதைப் படிக்கும்போது மூன்று இடங்களில் தடுக்கி விழுவார்கள். இரண்டு பாடங்களுக்கு நடுவே "அண்ட்" என்று இருந்தால் இரண்டையும் முடித்தால்தான் ஈடு. ஒன்றை மட்டும் முடித்தால் பாதி கிடைக்காது, எதுவுமே கிடைக்காது. வலப்பக்கம் "ஈடான பாடம் இல்லை" என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், அந்தப் பாடத்தை வேறு காலேஜில் தேட வேண்டும், அல்லது சேர்ந்த பிறகு அங்கே படிக்க வேண்டும். மூன்றாவது, 2025 ஃபாலிலிருந்து (ஆகஸ்டில் தொடங்கும் செமஸ்டர்) பல பொதுப் பாடங்களுக்கு மாநிலம் முழுவதும் ஒரே எண் வந்துவிட்டது. ஆங்கிலக் கட்டுரை வகுப்பு இங்கிலிஷ் சி1000, ஸ்டாடிஸ்டிக்ஸ் ஸ்டாட் சி1000. பழைய கேட்லாக்கை வைத்துக்கொண்டு தேடினால் பாடமே காணோம் என்று குழம்புவீர்கள்.

சான் ஹோசே ஸ்டேட், கால் ஸ்டேட் ஈஸ்ட் பே, சான் ஃபிரான்சிஸ்கோ ஸ்டேட், யூ.சி. டேவிஸ், யூ.சி. சான்டா க்ரூஸ் என்று ஐந்து வளாகங்களின் தாள்களை இறக்கி, ஒரு எக்செல் ஷீட்டில் வரிசையில் பாடங்களையும் நெடுக்கில் வளாகங்களையும் போடச் சொல்லுங்கள். இதை மகனே செய்ய வேண்டும். ஒரு மாலைப் பொழுதில் முடியும் வேலை. ஐந்திலும் டிக் விழும் பாடங்கள் முதல் வருடத்துக்கு, ஒன்றிரண்டில் மட்டும் விழுபவை இரண்டாம் வருடத்துக்கு. கம்ப்யூட்டர் சயின்ஸில் பெரிய வேறுபாடு புரோகிராமிங் மொழியில் வரும். ஒரு வளாகம் ஜாவா வகுப்பைத்தான் ஈடாகக் கொள்ளும், இன்னொன்றுக்கு சி++ போதும், சில இடங்களில் பைத்தான் அறிமுக வகுப்புக்கு யூனிட் மட்டுமே கிடைக்கும். முதல் செமஸ்டரில் எந்த மொழி வகுப்பில் சேர்வது என்பதைக் கூட்டாளி சொல்வதை வைத்து முடிவு செய்யாமல் இந்தத் தாளை வைத்து முடிவு செய்யுங்கள். தாள்களைக் கல்வியாண்டோடு பி.டி.எஃப். ஆகச் சேமித்து வையுங்கள். ஒப்பந்தம் வருடாவருடம் மாறும். பாடம் படித்த வருடத்தில் ஈடு இருந்தது என்று பின்னால் காட்ட வேண்டிவரலாம்.

இப்போது இரண்டு வருடம் போதுமா என்ற கேள்வி. இதை முடிவு செய்வது கணக்குச் சங்கிலி. கால்குலஸ் 1 இல்லாமல் 2 இல்லை. 2 இல்லாமல் 3-ம் லீனியர் ஆல்ஜீப்ராவும் இல்லை. கால்குலஸ் அடிப்படையிலான மெக்கானிக்ஸ் வகுப்புக்குக் கால்குலஸ் 1 வேண்டும். அது முடிந்தால்தான் மின்சாரமும் காந்தமும். புரோகிராமிங்கில் முதல் வகுப்பு, அடுத்து டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், அதற்குப் பிறகோ கூடவோ டிஸ்க்ரீட் மேத்தும் கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சரும். நான்கு செமஸ்டரில் இது சரியாக அடங்கும், ஒரு இடைவெளிகூட இல்லாமல். உங்கள் மகன் ப்ரீ-கால்குலஸ் முடித்திருப்பதால் இந்த ஃபாலிலேயே கால்குலஸ் 1-இல் உட்கார்ந்தால் இரண்டு வருடம் சாத்தியம். ட்ரிக்னாமெட்ரி தள்ளாட்டமாக இருந்தால், பின்வாங்கி ப்ரீ-கால்குலஸை மறுபடி எடுப்பதைவிட, பல காலேஜ்களில் கால்குலஸோடு சேர்த்துத் தரும் ஒன்றிரண்டு யூனிட் துணை வகுப்பை எடுப்பது நல்லது. ஒரு செமஸ்டர் தள்ளினால் சங்கிலி முழுவதும் தள்ளும்.

ஒரு மாதிரித் திட்டம் சொல்கிறேன். முதல் ஃபாலில் கால்குலஸ் 1, புரோகிராமிங், இங்கிலிஷ் சி1000, எத்னிக் ஸ்டடீஸ். ஸ்பிரிங்கில் கால்குலஸ் 2, மெக்கானிக்ஸ், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ். மூன்றும் கனமானவை, நான்காவதாக எதையும் திணிக்க வேண்டாம். கோடையில் கிரிட்டிக்கல் திங்கிங்கும் ஓரல் கம்யூனிகேஷனும். இரண்டாம் ஃபாலில் கால்குலஸ் 3, ஃபிசிக்ஸின் அடுத்த பகுதி, டிஸ்க்ரீட் மேத், அமெரிக்க வரலாறு. கடைசி ஸ்பிரிங்கில் லீனியர் ஆல்ஜீப்ரா, ஆர்க்கிடெக்சர், ஒரு பயாலஜி, மிச்சமிருக்கும் பொதுப் பாடங்கள். கலை, இலக்கியம், தத்துவம் போன்ற ஹியூமானிட்டீஸ் வகைப் பாடம் ஒன்று இந்தக் கணக்கில் மிஞ்சும். அதற்கு ஜனவரி விடுமுறை வகுப்போ இரண்டாவது கோடையோ இருக்கிறது. ஆனால் ஒன்று: கால் ஸ்டேட்டுக்குக் கட்டாயமான நான்கு அடிப்படைப் பாடங்களான எழுத்து, பேச்சு, கிரிட்டிக்கல் திங்கிங், கணக்கு ஆகியவை சேர்வதற்கு முந்தைய ஸ்பிரிங்குக்குள் முடிந்திருக்க வேண்டும். கோடையில் முடிக்கிறேன் என்பது செல்லாது. யூ.சி.க்கும் இரண்டு ஆங்கில வகுப்பும் ஒரு கணக்கு வகுப்பும் அதே கெடுவுக்குள் வேண்டும்.

இந்தத் திட்டத்தை உடைப்பது பாடத்தின் கடினம் மட்டுமல்ல. டிஸ்க்ரீட் மேத், ஆர்க்கிடெக்சர் போன்ற வகுப்புகள் சிறிய காலேஜ்களில் வருடத்துக்கு ஒரு முறைதான் நடக்கும். ஆள் சேராவிட்டால் ரத்தாகும். அடுத்த வருடத்துக்கான வகுப்பு அட்டவணை எப்படி ஓடும் என்று டிபார்ட்மென்டில் முன்கூட்டியே கேட்டு வைக்கட்டும். ரத்தானால் ஹேவர்டில் இருக்கும் ஷாபோ, சான்டா க்ளாராவின் மிஷன் காலேஜ், அல்லது கலிஃபோர்னியா வர்ச்சுவல் கேம்பஸ் வழியாக வேறொரு காலேஜின் ஆன்லைன் வகுப்பு உண்டு. போவதற்கு முன் அந்தக் காலேஜின் பெயரைப் போட்டு அசிஸ்ட்டில் மறுபடி பார்க்க வேண்டும். ஓலோனியில் ஈடான பாடம் பக்கத்துக் காலேஜில் ஈடாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஃபிசிக்ஸ் தொடரைச் சில வளாகங்கள் முழுத் தொடராக மட்டுமே ஏற்கும். பாதி இங்கே, பாதி அங்கே வேண்டாம்.

குறிப்பாக டி ஆன்ஸாவோடு கலக்க வேண்டாம். மகன் ஏற்கெனவே அங்கே படித்திருப்பதால் அந்த ஆசை வரும். டி ஆன்ஸா கல்வியாண்டை மூன்று பருவமாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறை, ஓலோனி இரண்டாகப் பிரிக்கும் செமஸ்டர் முறை. ஒரு குவார்ட்டர் யூனிட் என்பது மூன்றில் இரண்டு செமஸ்டர் யூனிட். 5 குவார்ட்டர் யூனிட் வகுப்பு 3.33 ஆகத்தான் கணக்காகும். அதைவிடப் பெரிய தொல்லை பாடம் வெட்டப்படும் இடம். செமஸ்டர் காலேஜ் மூன்று வகுப்பில் நடத்தும் கால்குலஸை டி ஆன்ஸா 1ஏ முதல் 1டி வரை நான்காகப் பிரித்திருக்கிறது. அங்கே இரண்டு முடித்துவிட்டு இங்கே வந்தால், கால்குலஸ் 2-இன் நடுவில் எங்கோ நிற்பீர்கள். அந்த இடத்துக்குப் பொருத்தமான வகுப்பு ஓலோனியில் இருக்காது. தனித்து நிற்கும் பொதுப் பாடமென்றால் எங்கே எடுத்தாலும் குற்றமில்லை.

பொதுக்கல்விக்கு வருவோம். 2025 ஃபாலிலிருந்து புதிதாகச் சேர்பவர்களுக்குக் கால்-கெட்சி என்ற ஒரே பட்டியல்தான். முன்பிருந்த இரண்டு பட்டியல்களுக்குப் பதிலாக, யூ.சி.க்கும் கால் ஸ்டேட்டுக்கும் பொதுவாக வந்தது. 11 பாடம், 34 செமஸ்டர் யூனிட், ஒவ்வொன்றிலும் சி-க்குக் குறையக் கூடாது. ஏ.டி.டி. வேண்டுமென்றால் இதை முடிக்க வேண்டும். இதில் பலரும் தவறவிடும் ஒரு சிக்கனம் இருக்கிறது. கால் ஸ்டேட்டில் பட்டம் வாங்க அமெரிக்க வரலாறும் அரசியல் சாசனமும் தனித் தேவை. சமூக அறிவியலுக்கான இரண்டு பாடங்களாக அமெரிக்க வரலாற்றையும் அமெரிக்க அரசியலையும் எடுத்தால் இரண்டு தேவைகளும் ஒரே அடியில் தீரும், அவை இரண்டு வேறு துறைகள் என்ற நிபந்தனையும் நிறைவேறும். சைக்காலஜியும் சோஷியாலஜியும் எடுத்தவர் அங்கே போய் இன்னும் இரண்டு வகுப்பு உட்கார வேண்டிவரும். கால்-கெட்சியை முழுதாக முடித்தாலும் கால் ஸ்டேட்டில் மேல்நிலைப் பொதுப் பாடம் 9 யூனிட் பாக்கி இருக்கும். அது எல்லோருக்கும் பொது.

இங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவருக்கு ஓர் இழுபறி உண்டு. அந்த மேஜரின் ஏ.டி.டி. சட்டகத்தில் கால்குலஸ் 1, 2, ஃபிசிக்ஸ், புரோகிராமிங், டிஸ்க்ரீட், ஆர்க்கிடெக்சர் இருக்கும். கால்குலஸ் 3-ஐயும் லீனியர் ஆல்ஜீப்ராவையும் பொதுவாகக் கட்டாயமாக்காது. யூ.சி. வளாகங்கள் பலவும் அவற்றைத்தான் கேட்கும். பொறியியல், கணினிப் பிரிவுகளில் பொதுப் பாடம் முடிந்ததா என்பதைவிட மேஜர் பாடங்கள் முடிந்தனவா என்பதைத்தான் யூ.சி. பார்க்கும். இரண்டையும் துரத்தினால் யூனிட் 70-ஐத் தொடும். 70 செமஸ்டர் யூனிட்டுக்கு மேல் கம்யூனிட்டி காலேஜ் யூனிட் பட்டத்துக்குச் சேராது, பாடம் முடிந்ததாக மட்டும் கணக்காகும். உங்கள் மகனின் நிலையில் நான் ஏ.டி.டி.யை முதன்மையாக வைத்து, யூ.சி.க்குத் தேவையான அந்த இரண்டு கணக்கு வகுப்பையும் கூடச் சேர்ப்பேன். சுமை தாங்காவிட்டால் மூன்றாவது வருடத்தில் ஒரு செமஸ்டர் கூட்டிக்கொள்ளலாம். நான்கு சி வாங்கி இரண்டு வருடத்தில் முடிப்பதைவிட, நான்கு ஏ-யோடு இரண்டரை வருடம் எவ்வளவோ மேல். ஆனால் கடைசியில் சொல்லும் வயது விஷயத்தையும் சேர்த்து யோசித்த பிறகே இதை முடிவு செய்யுங்கள்.

விண்ணப்பம் எப்போது போகிறது என்று பாருங்கள்: அக்டோபர் 1-இல் தொடங்கி நவம்பர் கடைசி அல்லது டிசம்பர் முதல் நாள் வரை, இரண்டாம் வருட ஃபாலில். அப்போது மகனின் கையில் இருக்கும் மதிப்பெண்கள் முதல் ஃபால், முதல் ஸ்பிரிங், ஒரு கோடை. அவ்வளவுதான். ஹைஸ்கூலில் இருந்த மெத்தனம் முதல் செமஸ்டரில் தொடர்ந்தால், அதைச் சரிக்கட்ட இன்னொரு செமஸ்டர்தான் மிச்சம். டிரான்ஸ்ஃபர் என்பது இரண்டாம் வருட வேலை என்று நினைப்பவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

குறைந்தபட்சத் தகுதி என்று எழுதியிருப்பதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். மாநிலவாசிக்குக் கால் ஸ்டேட் 2.0, யூ.சி. 2.4 என்று இருக்கும். இம்பேக்டட் மேஜரில் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. யூ.சி.க்குப் போகும் 60 யூனிட்டில், தேறியதா இல்லையா என்று மட்டும் சொல்லும் பாஸ்/நோ-பாஸ் முறையில் 14-க்கு மேல் போகக் கூடாது. மேஜர் பாடங்களில் அந்த முறையைத் தொடவே வேண்டாம்.

யூ.சி.யில் டேக் என்ற உத்தரவாத ஒப்பந்தம் இருக்கிறது. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா க்ரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள், ஒன்றுக்குத்தான் போடலாம், செப்டம்பர் 1 முதல் 30 வரை. பெர்க்லி, யூ.சி.எல்.ஏ., சான் டியேகோ இதில் இல்லை. பல வளாகங்கள் கம்ப்யூட்டர் சயின்ஸையே டேக்கிலிருந்து விலக்கிவிடுகின்றன. அந்த வருடப் பட்டியலைப் பார்த்து, அப்ளைட் மேத்தமேட்டிக்ஸ் போன்ற பக்கத்து மேஜரை மகன் மனசாரப் படிப்பானா என்று கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். உள்ளே போனபின் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாறிக்கொள்ளலாம் என்ற கணக்கு வேண்டாம். டிரான்ஸ்ஃபர் மாணவருக்கு அந்த வாசல் பெரும்பாலும் மூடியே இருக்கும். யூ.சி.க்கு 350 வார்த்தைக்குள் நான்கு சிறு கட்டுரைகள். அதில் ஒன்று, மேஜருக்கு எப்படித் தயாரானேன் என்பது, டிரான்ஸ்ஃபர் மாணவருக்குக் கட்டாயம். கால் ஸ்டேட்டுக்குக் கட்டுரை கிடையாது. ஆனால் அந்தப் படிவத்தில் ஏ.டி.டி. படித்துக்கொண்டிருப்பதாகக் குறிக்கும் இடத்தில் டிகிரியின் சரியான பெயரைத் தேர்ந்தெடுக்காவிட்டால், ஏ.டி.டி. இல்லாதவராகவே மதிப்பிடுவார்கள்.

கால் ஸ்டேட்டில் இன்னொரு வழியும் இருக்கிறது, டிரான்ஸ்ஃபர் சக்ஸஸ் பாத்வே. ஹைஸ்கூல் முடித்துக் கம்யூனிட்டி காலேஜில் சேரும் மாணவர், முதல் வருடத்துக்குள் ஒரு குறிப்பிட்ட வளாகத்தோடு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். மூன்று வருடத்துக்குள் தகுதிகளை முடித்துச் சேர வேண்டும். ஏ.டி.டி. தராத வளாக உறுதி இதில் உண்டு, இம்பேக்டட் மேஜர்கள் நீங்கலாக. மகன் இப்போது தகுதியுள்ள நிலையில் இருக்கிறான். முதல் வருடம் போய்விட்டால் இந்த வழி மூடிவிடும். வீட்டுக்குப் பக்கத்து வளாகம் ஒன்றுக்கு இதைப் போட்டு வைப்பதில் நஷ்டமில்லை.

டி விஷயத்துக்கு வருகிறேன். மறைக்கக் கூடாது. பள்ளியில் படிக்கும்போது எடுத்ததானாலும் அது காலேஜ் பதிவு, நிரந்தரம். படித்த எல்லாக் காலேஜையும் குறிப்பிட வேண்டும் என்று இரண்டு விண்ணப்பமும் கேட்கும். கல்லூரிப் பதிவுகளை ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி அவர்களிடம் இருக்கிறது. மறைத்தது தெரிந்தால் கிடைத்த சேர்க்கையே ரத்தாகும், வகுப்பு தொடங்கிய பிறகும்கூட. ஒரு டி அந்த அளவுக்குப் பயப்பட வேண்டியதே இல்லை. அதே பாடத்தை டி ஆன்ஸாவிலேயே, ஆன்லைனிலோ கோடையிலோ, மறுபடி எடுத்து ஏ வாங்கினால் புதிய மதிப்பெண்தான் ஜி.பி.ஏ.யில் ஏறும், பழையது டிரான்ஸ்கிரிப்டில் தெரியும், அவ்வளவே. ஓலோனியில் எடுத்தால் அது அதே பாடத்தின் மறுமுறையாகக் கணக்காகுமா என்ற வாக்குவாதம் வரும். குவார்ட்டர் கலப்பு வேண்டாம் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு விலக்கு. ஒரு பாடத்தை மூன்று முறைக்கு மேல் எடுக்க விட மாட்டார்கள், டபிள்யூ வாங்கி விலகியதும் அந்த மூன்றில் சேரும்.

ஹைஸ்கூலில் கல்லூரி நிலைப் பாடங்களுக்கான ஏ.பி. தேர்வு எழுதியிருந்தால், அதை நடத்தும் காலேஜ் போர்டிலிருந்து ஸ்கோரைப் போகும் பல்கலைக்கழகத்துக்கு நேரடியாக அனுப்ப வேண்டும். ஓலோனி டிரான்ஸ்கிரிப்டில் அது பதிவாகியிருந்தாலும் போதாது.

சேர்க்கை மார்ச், ஏப்ரலில் வரும். அது நிபந்தனையோடு வரும் சேர்க்கை. விண்ணப்பத்தில் ஸ்பிரிங் பாடங்களாக எழுதியதை எழுதியபடி முடிக்க வேண்டும். ஒரு வகுப்பைக் கைவிட்டால், மாற்றினால் உடனே தெரிவிக்க வேண்டும், யூ.சி.யில் ஜனவரி மாதம் அதற்கென்றே ஒரு புதுப்பிப்புப் படிவம் உண்டு, கெடு ஜனவரி 31. சொல்லாமல் விட்டு ஜூலையில் டிரான்ஸ்கிரிப்ட் போய்ச் சேரும்போதுதான் தெரிய வந்தால் சீட் போகும். இன்னொன்று தானாக நடக்காது: கால்-கெட்சி முடிந்தது என்ற சான்றை ஓலோனியின் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்தில் தனியாகக் கேட்டு, கடைசி டிரான்ஸ்கிரிப்டோடு அனுப்ப வேண்டும். ஏ.டி.டி.க்கும் டிகிரி விண்ணப்பம் தனி, கெடுவும் தனி. எல்லாப் பாடத்தையும் முடித்தும் விண்ணப்பம் போடாததால் டிகிரி பதிவாகாமல், அங்கே பொதுக் கல்வியை மறுபடி படிக்கச் சொன்ன நிலைமை வரக்கூடியதே. ஒவ்வொரு வகுப்பின் சிலபஸையும் ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்தால், ஏதாவது பாடத்தை ஏற்க மறுக்கும்போது மேஜர் ஆலோசகரிடம் காட்டிப் பேச முடியும்.

ஆகஸ்டுக்குள் அவன் செய்ய வேண்டியது: ஓரியன்டேஷன் முடித்து, கவுன்சிலரோடு உட்கார்ந்து, எந்த செமஸ்டரில் எந்தப் பாடம் என்ற முழு எட்-ப்ளான் போடுவது. அது இருந்தால்தான் அடுத்த பதிவில் முன்னுரிமை கிடைக்கும், கால்குலஸும் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸும் நிரம்புவதற்குள். போகும்போது அந்த எக்செல் ஷீட்டைக் கையில் கொண்டு போகட்டும். அரை மணி நேரச் சந்திப்பில் கவுன்சிலர் எல்லா வளாகத்தையும் தேடிப் பார்க்க முடியாது. தயாராகப் போகிறவனுக்கு அந்த அரை மணியில் கிடைப்பது மூன்று மடங்கு.

கடைசியாக விசா. இதை நீங்கள்தான் கவனிக்க வேண்டும், கவுன்சிலர் கேட்க மாட்டார். எச்-4-இல் இருப்பவர் கலிஃபோர்னியாவில் ஒரு வருடத்துக்கு மேல் நிலையாக வசித்தால் மாநிலவாசிக் கட்டணத்துக்குத் தகுதி பெறலாம். ஓலோனியில் அது யூனிட்டுக்கு 46 டாலர். 15 யூனிட்டுக்கு 690. பள்ளி டிரான்ஸ்கிரிப்ட், வாடகை ஒப்பந்தம், கலிஃபோர்னியா வரித்தாள், மகனின் டிரைவிங் லைசென்ஸ், நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவான ஐ-94 நகல் ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். பல்கலைக்கழகம் போகும்போது இதே ஆய்வு மறுபடி புதிதாக நடக்கும். ஓலோனி ஏற்றுக்கொண்டதை அவர்கள் அப்படியே ஏற்க மாட்டார்கள். ஃபெடரல் படிப்புதவிக்கான ஃபாஃப்சா விண்ணப்பம் எச்-4-க்குக் கிடையாது. ஃபெடரல் உதவியையும் மாநில உதவித்தொகையான கால் கிராண்டையும் கணக்கில் சேர்க்காமல் பட்ஜெட் போடுங்கள்.

மகனுக்கு 21 முடிவது, திட்டப்படி போனால், பல்கலைக்கழகத்தின் முதல் வருடத்து மார்ச்சில். அன்றோடு எச்-4 முடியும். அதற்குள் கிரீன் கார்டு விஷயம் தீராவிட்டால் மாணவர் விசாவான எஃப்-1-க்கு மாற வேண்டும். எஃப்-1-இல் இருப்பவரைப் பொதுவாக மாநிலவாசியாகக் கொள்வதில்லை. யூ.சி.யில் வெளி மாநிலத்தவர் வருடத்துக்குக் கூடுதலாகக் கட்டுவது 30,000 டாலருக்கு மேல். கால் ஸ்டேட்டில் இந்தக் கூடுதல் யூனிட் கணக்கில் வரும், சுமை அதைவிடக் குறைவு. கலிஃபோர்னியாவில் பள்ளி படித்தவர்களுக்கான ஏபி 540 விலக்கும் பொதுவாக விசாவில் இருப்பவர்களுக்குப் பொருந்தாது. அதனால் இரண்டாவது வருட நவம்பரில் வளாகங்களைத் தேர்ந்தெடுக்கும்போதே, இரண்டு வருடக் கட்டணத்தையும் வெளி மாநிலக் கணக்கில் ஒரு முறை போட்டுப் பாருங்கள். உங்கள் பட்டியலில் கால் ஸ்டேட் வளாகங்கள் அதிகமாக இருக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவும் காரணம். மூன்றாவது வருடம் ஓலோனியிலேயே தொடர்ந்தால் 21 முடிவதும் சேர்க்கை வருவதும் ஒரே வசந்தத்தில் வரும். அப்போது இரட்டிப்பு அலைச்சல்.

நிலைமாற்றத்துக்கான ஐ-539 விண்ணப்பத்தைப் பிறந்தநாளுக்குப் பல மாதம் முன்பே போட வேண்டும். அதற்குப் பல்கலைக்கழகம் எஃப்-1 மாணவருக்குத் தரும் ஐ-20 படிவம் வேண்டும். அதாவது சேர்ந்த முதல் செமஸ்டரிலேயே சர்வதேச மாணவர் அலுவலகத்தின் கதவைத் தட்ட வேண்டும். கிரீன் கார்டுக்காகக் கணவரின் நிறுவனம் போடும் ஐ-140 எப்போது தாக்கலானது, எவ்வளவு நாள் நிலுவையில் இருந்தது என்பதைப் பொறுத்து, கிரீன் கார்டுக்கான மகனின் வயதுக் கணக்கு கொஞ்சம் மாறவும் வாய்ப்புண்டு. அதை உங்கள் கணவரின் இமிக்ரேஷன் வழக்கறிஞரிடம் இப்போதே கேளுங்கள். எஃப்-1-க்கு மாறினால் ஒரு லாபமும் உண்டு: எச்-4-இல் மூடியிருக்கும் வளாக வேலையும், ஒரு கல்வியாண்டுக்குப் பிறகு சி.பி.டி. என்ற படிப்போடு சேர்ந்த பயிற்சி அனுமதி வழியாகச் சம்பள இன்டர்ன்ஷிப்பும் திறக்கும். சேர்க்கை வந்ததும், ஜூன் 1-க்குள் சம்மதம் தெரிவிக்கும் முன், அந்தந்த வளாகத்தின் ரெசிடென்சி அலுவலகத்துக்கு ஒரு மெயில் போட்டு, "இந்த மாணவர் மார்ச்சில் எச்-4-இலிருந்து எஃப்-1-க்கு மாறினால் அந்த ஸ்பிரிங்குக்கும் அடுத்த ஃபாலுக்கும் என்ன கட்டணம்?" என்று கேளுங்கள். ஃபோனில் வரும் பதிலை நம்பி முன்பணம் கட்டாதீர்கள்; எழுத்தில் வாங்குங்கள்.